பெரணி அச்சு

ஒடா
11 மார்ச் 1968

என் அண்ணன் பெடியாக்கோவுக்குக் கொனாடு எழுதுவது. நானும் உன் மாப்பிள்ளை அபென்டெங்கும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நம் சாயப் பட்டறையில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

சுகம் என்று எழுதிவிட்டேன், அது உடம்பைப் பற்றிச் சொன்னது. மனதைப் பற்றிக் கேட்டால் வேறு கதை. நேற்று முற்றத்தில் அவித்த கிழங்கை ஃபுஃபுவாக இடித்துக்கொண்டிருந்தேன். அத்தை உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாவைத் திருப்பிப் போட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அத்தை கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டதும் எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "சாயத்துக்கு மரப்பட்டை இடிச்ச கை பாருங்க. இவ ஊர்ல சோத்துக்கு இடிக்கிறதே இல்ல போல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் என் வயிறு நிறையாததை ஒருத்தி இழுத்தாள். அதற்கு அத்தை சொன்னது இது: "சாவுத் துணிக்கு அச்சடிக்கிற வீட்ல பொறந்தவ. அந்த வாசம் இவ கூடவே வந்திருக்கு. புள்ள எப்படித் தங்கும்?"

அபென்டெங் நல்லவர். ஆனால் கோக்கோ மூட்டைகளோடு லாரியில் ஏறினால் வாரக்கணக்கில் வீட்டுக்கு வருவதில்லை. உன்னிடம் சொல்லாமல் நான் யாரிடம் சொல்வேன்?

உன் தங்கை,
கொனாடு

என்டோன்சோ
2 ஏப்ரல் 1968

தங்கச்சி கொனாடுவுக்கு, நாங்கள் நலம். அம்மா இப்போது கோலில்லாமல் கொல்லை வரை போய் வருகிறாள். நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். சாயத் தாழியைக் கிளறிக்கொண்டிருந்த டொன்கோர் துடுப்பைக் கீழே போட்டுவிட்டான். நம் துணியைப் போர்த்தாமல் அந்த ஊரில் எந்தக் கிழவி மண்ணுக்குள் போகிறாள் என்று கேட்டான். அன்றிலிருந்து இங்கே அவளுக்கு ஒடாக் கிழவி என்று பெயர். ஏதாவது ஒரு துணி சாயம் ஏறாமல் அடம்பிடித்தால், ஒடாக் கிழவி வந்துவிட்டாள் என்கிறார்கள்.

நான் வேறு மாதிரி பதில் அனுப்பியிருப்பேன். அம்மா விடவில்லை. பல்லும் நாக்கும் அச்சுப் போட்ட துணி ஒன்றை உனக்கு அனுப்பச் சொன்னாள். ஒரே வாய்க்குள் இருக்கிற இரண்டும் சில சமயம் கடித்துக்கொள்ளும், அதற்காக ஒன்றைப் பிடுங்கி எறிய முடியுமா என்று அந்தக் கிழவிக்குப் புரியட்டுமாம். புரியுமோ என்னவோ. கட்டிக்கொண்டு அவள் கண்ணெதிரே நட.

உன் அண்ணன்,
பெடியாக்கோ

ஒடா
9 ஜூன் 1968

அண்ணனுக்கு, துணி வந்து சேர்ந்தது. மழை விடாமல் பெய்கிறது. எல்லோருக்கும் என் அன்பு.

துணியைக் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் புறப்பட்டேன். அத்தை வாசலிலேயே நிறுத்தி முந்தியைப் பிடித்துப் பார்த்தார். "பல்லும் நாக்குமா? இதுல நான் எது?" என்றார். "சொல்ல மாட்டியா? அப்ப நீதான் நாக்கு. நனைஞ்சு கெடக்கும், ஆனா ஓயாது" என்று சொல்லிவிட்டுத் தன் தங்கை ஒஃபொரிவாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். இருவரும் தோள் குலுங்கச் சிரித்தது பின்னால் வந்த எனக்குத் தெரிந்தது.

போன வாரம் எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். கை மாற்றிக் கை குழந்தை வந்தது. என்னிடம் வரும்போது அத்தை குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கொனாடு

என்டோன்சோ
1 ஜூலை 1968

கொனாடு, நலம்தானே? அம்மாவிடம் குழந்தைப் பேச்சை மட்டும் படித்துக் காட்டவில்லை.

நம் வீட்டுப் பெண்ணை வெறுங்கையோடு நிற்க வைத்த கை அது. அபென்டெங்கால் தன் தாய்க்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாதென்றால் சொல்வதற்கு நான் இருக்கிறேன். நம் மாமாவிடம் பேசிவிட்டேன். இரண்டு பேரும் வந்து பெரியவர்கள் முன்னிலையில் உன்னை அழைத்து வந்துவிடுகிறோம். எப்போது வர என்று மட்டும் எழுது. உடனே எழுது.

பெடியாக்கோ

ஒடா
20 அக்டோபர் 1968

அன்புள்ள அண்ணா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இடையில் காய்ச்சல் கண்டு படுத்திருந்தேன். இப்போது பரவாயில்லை. நீங்கள் யாரும் வர வேண்டாம். கோக்கோக் காய் பறிப்பு நடக்கிறது, வீட்டில் வேலை அதிகம். அபென்டெங் சுகம். அத்தையும் சுகம். அம்மாவுக்கு என் வணக்கம்.

கொனாடு

என்டோன்சோ
12 நவம்பர் 1968

தங்கச்சி, நீ எப்படி இருக்கிறாய் என்று உண்மையைச் சொல்.

இத்தனை மாதம் காத்திருந்து கிடைத்தது அந்த நாலு வரி. யாரோ தலைமாட்டில் நின்று எழுத வைத்தது போல இருக்கிறது. என்ன காய்ச்சல்? யார் பார்த்துக்கொண்டார்கள்? அத்தை சுகம் என்று எழுதியிருக்கிறாயே, அவள் சுகத்தை உன்னிடம் யார் கேட்டார்கள்? டொன்கோரிடம் காட்டினேன். கடிதத்தைக்கூடக் கிழவி பார்த்துத்தான் அனுப்புகிறாள் என்றான். எனக்கும் அப்படித்தான் படுகிறது. வரவேண்டாம் என்று நீ எழுதியதால் வராமல் இருக்கிறேன். எனக்குள் கொதிப்பது அடங்கவில்லை.

அம்மா உனக்காக வேண்டிக்கொள்கிறாள்.

பெடியாக்கோ

ஒடா
14 ஜனவரி 1969

அண்ணா,

அத்தை போய்விட்டார். தோட்டத்திலிருந்து திரும்பும்போது வழியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வருகிற வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை அடக்கம். மருமகள் என்ற முறையில் அவரோடு வைக்க நான் ஒரு துணி தர வேண்டும். வேறு எங்கும் வாங்க எனக்கு மனமில்லை. நீயே உன் கையால் அச்சுப் போட்டு, இந்தக் கடிதம் கொண்டுவரும் ஓட்டுநரிடமே கொடுத்தனுப்பு. நல்லதாகப் போடு அண்ணா. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

கொனாடு

என்டோன்சோ
21 ஜனவரி 1969

கொனாடுவுக்கு,

துணியைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சாயம் மூன்று முறை ஏற்றியது, நன்றாகக் காய்ந்திருக்கிறது. மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு நானே உட்கார்ந்து போட்டேன், டொன்கோரைக்கூடத் தொடவிடவில்லை. உன்னால் இத்தனை வருஷம் சொல்ல முடியாததை உனக்காக நான் சொல்லியிருக்கிறேன். பிரித்துப் பார்த்தால் உனக்குப் புரியும். வேறு யாருக்கும் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அவளோடு போய்ச் சேர்ந்தால் போதும்.

இனிமேலாவது நிம்மதியாக இரு.

பெடியாக்கோ

ஒடா
16 மார்ச் 1969

அண்ணா, நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். இதை எத்தனையோ முறை எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

மூட்டையைச் சனிக்கிழமை காலையில்தான் பிரித்தேன். எல்லோரும் ஏறியாக வேண்டிய சாவின் ஏணி அச்சு இருக்கும், இல்லையென்றால் இதயம் இருக்கும் என்று நினைத்தேன். துணி முழுக்கப் பெரணி. பாறை இடுக்கிலும் பிழைத்துக் கிடக்கிற செடி, தாங்கி வாழ்ந்தவர்களுக்குப் போடுவது, அது சரி. ஆனால் நம் பட்டறையில் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே இடுப்பில் கை வைத்தால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் பாஷையில் 'உனக்கு நான் பயப்படவில்லை' என்பதற்கும் அதே சொல்தான். மடித்து மறைப்பதற்குள் சின்ன அத்தை ஒஃபொரிவா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அவரே அத்தையின் மேல் அதை விரித்தார். விரித்த பிறகுதான் அச்சைப் பார்த்தார். கூடம் நிறையப் பெண்கள். "இதுக்கு ரெண்டு அர்த்தம் உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கேன். உங்க அண்ணன் எதை நெனச்சுப் போட்டான்?" என்றார்.

"தாங்கினவங்கன்னு, அத்தை" என்றேன்.

அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எல்லோரும் அழுதார்கள். "நேர்ல பழகாத ஒருத்தன் எங்க அக்காவைப் புரிஞ்சுக்கிட்டான்" என்று வந்தவர்களுக்கெல்லாம் அந்தத் துணியைக் காட்டினார். சாயங்காலம் வரை நான் அங்கேயே நின்றேன். அத்தை அதைப் போர்த்திக்கொண்டுதான் போனார்.

இப்போது நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். போன வருஷம் எனக்கு வயிற்றில் குழந்தை இருந்தது. தங்கட்டும், பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். ஆகஸ்டில் மாதம் நிறையாமலே பிறந்து இறந்தது. அபென்டெங் ஊரில் இல்லை. ஊர் வழக்கப்படி அப்படிப் போன பிள்ளைக்கு அழக்கூடாதே. அத்தை கதவைச் சாத்திவிட்டு என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "ஊர் வெளியில இருக்கு. இங்க நாம ரெண்டு பேர்தான். அழு" என்றார். தனக்கும் அப்படிப் போனதுண்டு என்றும், அப்போது தன்னை யாரும் அழவிடவில்லை என்றும் சொன்னார். தன் நல்ல துணியைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றினார். கேட்டவர்களிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னார். என்னை எழுந்து நடக்க வைக்கிற வரை தன் கையாலேயே குளிப்பாட்டினார், ஊட்டினார். எதிர்வீட்டுக் குழந்தையை ஏன் குறுக்கே வாங்கினார் என்றும் அப்போதுதான் சொன்னார். அன்றைக்கு என் கண்ணைப் பார்த்தாராம். எல்லோர் எதிரிலும் நான் உடைந்துவிடுவேன் என்று பயந்தாராம்.

நாக்கில் கூர்மை மட்டும் கடைசி வரை குறையவில்லை. ஆனால் நான் அவரிடம் போய்ப் படுத்துக்கொள்கிற அளவுக்கு ஆகியிருந்தது, அண்ணா.

இதையெல்லாம் உனக்கு எழுதியிருக்க வேண்டும். அத்தனை குறை எழுதிய கையால் எப்படி மாற்றி எழுதுவது என்று வெட்கப்பட்டேன். அத்தை சுகம் என்று எழுதினேனே, அதிலேயே நீ புரிந்துகொள்வாய் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

வருஷச் சடங்குக்கு வீட்டார் அத்தனை பேருக்கும் அதே பெரணித் துணிதான் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். சின்ன அத்தை நன்றி சொல்லவும், துணிக்குச் சொல்லவும் மே மாதம் உன்னைப் பார்க்க நேரில் வருகிறார். என்னால் தடுக்க முடியவில்லை. என்ன செய்வாயோ, செய்.

கொனாடு

என்டோன்சோ
25 மே 1969

தங்கச்சிக்கு, உடம்பைப் பார்த்துக்கொள். குழந்தை விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கேட்காதே. எழுதினேன், கிழித்தேன்.

ஒஃபொரிவா அம்மாள் போன வியாழக்கிழமை வந்தார். சேவல் ஒன்றும் ஒரு கூடை சேனையும் கொண்டுவந்தார். முக்காலி போட்டோம், தண்ணீர் கொடுத்தோம். ஒடாவிலிருந்து வருகிறேன், கொனாடுவின் மாமியார் சாச்சிவாவின் தங்கை என்று சொன்னார். ஒடா என்ற பெயரைக் கேட்டதும் டொன்கோர் தாழிக்குப் பின்னால் குனிந்துகொண்டான். இன்னொருவன் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினான். அவர்கள் பேரில் தப்பில்லை. ஒரு வருஷமாக அவர்களை அந்தப் பெயருக்குச் சிரிக்கப் பழக்கியவன் நான். அந்தத் துணியைப் போட்ட அன்று ஒவ்வொரு அச்சையும் பதிக்கும்போது நான் ஒன்று சொல்ல, அவர்கள் சிரிக்க, விளையாட்டாகத்தான் போட்டு முடித்தேன். நல்ல மனதோடு உட்கார்ந்து போட்டதாக நீ நினைத்திருப்பாய்.

அவர் எல்லாவற்றையும் பார்த்தார். "ஏன் தம்பி சிரிக்கிறாங்க?" என்று கேட்டார்.

பொய் வாயில் தயாராக இருந்தது. நீ சொன்ன பொய்யையே நானும் சொல்லியிருந்தால் போதும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. நான் போட்டது இன்னொரு அர்த்தத்தில் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரிச்சது நான். நீ திட்டினதை என் கையாலயே எங்க அக்கா மேல போட வெச்சுட்ட" என்றார்.

பிறகு, "உயிரோட இருந்தப்ப வந்து சொல்லியிருக்கலாமே. அவளே பதில் சொல்லியிருப்பா. அவளுக்கு நல்லாப் பதில் சொல்ல வரும்" என்றார்.

எழுந்துவிட்டார். நான் சேவலையும் கூடையையும் லாரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போகும் பழக்கம் தங்களுக்கு இல்லை என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார். கூடை இன்னும் பட்டறை மூலையில் இருக்கிறது. அதில் கைவைக்க யாருக்கும் துணிவில்லை.

நீ சொன்னது பொய் என்பதும் என்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. அங்கே உனக்கு என்ன நடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு வரி எழுது.

பெடியாக்கோ

ஒடா
3 ஆகஸ்ட் 1969

அண்ணா, எழுந்து நடமாடுகிறேன், சாப்பிடுகிறேன். உன் உடம்பும் அப்படியே இருக்கட்டும்.

சின்ன அத்தை ஊர் திரும்பியதும் வீட்டாரிடம் துணிக்குச் சொல்லியாகிவிட்டது என்றார், வேறு ஒன்றும் பேசவில்லை. என்னோடும் பேசவில்லை. நான் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டார், கிண்ணத்தைத் தானே கழுவி வைத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடைசியில் நானே அவர் அறைக்குப் போனேன்.

"உங்க அண்ணனுக்கு எங்க அக்காவைத் தெரியாது. நீ சொன்னதுதான் அவனுக்குத் தெரியும். அவன் மேல எனக்குப் பாதிக் கோபம்தான்" என்றார். மீதி யார் மேல் என்று அவர் சொல்லவில்லை.

அபென்டெங்கிடம் நானே சொன்னேன். அவர் கத்தவில்லை. "அம்மாவைப் பத்தி நல்லதா ஒரு வரிகூட எழுதலையா?" என்று கேட்டார். ஒரு வரிகூட இல்லை என்றேன். மறுநாளே லாரியில் ஏறிப்போனார். வழக்கத்தைவிட அதிக நாள் வரவில்லை. இப்போது வந்திருக்கிறார். பேசுகிறார். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. எனக்குத்தான் அது காதிலேயே இருக்கிறது.

துணி விஷயமாகச் சின்ன அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வேற பட்டறைக்குப் போனா ஏன்னு ஊர் கேக்கும். அவனே போடட்டும். சாயம் மட்டும் ஏத்தட்டும். ஒரு அச்சும் விழக்கூடாது. எங்க அக்காவைப் பத்தி இனிமே யாரும் துணியில எதையும் படிக்க வேண்டாம்." இன்னொன்றும் சொன்னார். துணியை ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பக் கூடாதாம். நீயே கொண்டுவர வேண்டுமாம்.

கொனாடு

என்டோன்சோ
28 டிசம்பர் 1969

கொனாடுவுக்கு, இங்கே எல்லோரும் நலம். வறண்ட காற்று வீசுகிறது, துணி சீக்கிரம் காய்கிறது. அம்மா அங்கே எல்லோருக்கும் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னாள். போய்விட்ட சாச்சிவா அம்மாளுக்கும் பெயர் சொல்லிச் சொன்னாள்.

உன் பழைய கடிதங்களையெல்லாம் பட்டறையில் உரக்கப் படித்தவன், மார்ச் கடிதத்தையும் படித்தேன். பிள்ளையைப் பற்றியதை மட்டும் விட்டுவிட்டேன். உனக்குக் காய்ச்சல் கண்டபோது அந்த அம்மாள் உன்னை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதைப் படித்தேன். டொன்கோர் எழுந்து போய்த் தாழியைக் கழுவினான். அதற்குப் பிறகு அந்தப் பெயரை இங்கே யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

துணிகள் தயார். எல்லாம் ஒரே கருப்பு. கொடியில் தொங்கும்போது பார்த்தவர்கள், வேலை பாதியில் நிற்கிறதா, எப்போது அச்சு போடுவீர்கள் என்று கேட்கிறார்கள். கோடுகூட இழுக்காமல் இத்தனை துணி இந்த முற்றத்திலிருந்து போனதில்லை. இவ்வளவுதான் என்று சொல்கிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன், பாதியில் நின்றுவிடுகிறது.

சடங்குக்கு முந்தைய நாளே புறப்பட்டு வருகிறேன். வந்ததும் ஒஃபொரிவா அம்மாளிடம் துணிகளை ஒப்படைக்கிறேன். வாங்கிக்கொள்வாரா, கீழே வைக்கச் சொல்வாரா என்று தெரியவில்லை. பெரியவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும் என்றால் பேசுகிறேன். பேச வேண்டாம் என்றால் வாயைத் திறக்க மாட்டேன். எனக்கென்று துணி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. நானும் ஒன்று கட்டிக்கொள்ளலாமா என்பதையும், அவர்கள் நடுவில் நான் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் அவரிடம் கேட்டு எழுது. வாசலுக்கு வெளியே என்றாலும் சரி, உட்காருகிறேன்.

பெடியாக்கோ